சொந்த மெயில் சர்வரில் இருந்து ஒரே ஆளுக்கு அனுப்பும் மெயில் சில நேரம் போகிறது, சில நேரம் திரும்பி வருகிறது. எங்கே தேடுவது?

விபிஎஸ்ஸில் (வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சர்வர்) மெயிலை அனுப்பி வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸும், வந்த மெயிலைப் படிக்கத் தரும் டவ்காட்டும் போட்டிருக்கிறீர்கள். எஸ்பிஎஃப் (உங்கள் டொமைன் பெயரில் எந்த ஐபிகள் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகிம் (மெயிலில் போடும் டிஜிட்டல் கையெழுத்து) இரண்டும் சரியாக இருக்கின்றன, ஆனாலும் மெயில் விட்டுவிட்டுத் திரும்பி வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இதே சிக்கலில் நான் இரண்டு நாள் தவித்திருக்கிறேன். அதனால் முதலில் இதைச் சொல்கிறேன்: கான்ஃபிக் ஃபைலில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். திரும்பி வந்த ஒரே ஒரு மெயிலை எடுத்துக்கொண்டு, மெயில் லாகில் (சர்வர் எழுதிவைக்கும் பதிவேடு) அதற்குரிய வரியைக் கடைசி எழுத்து வரை படியுங்கள்.

கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு சின்னக் கம்பெனிக்கு நான்தான் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். புது விபிஎஸ்ஸுக்கு மாற்றிய வாரத்தில் அங்கே கணக்குப் பார்க்கும் அக்கா போன் செய்தார். "தம்பி, காலைல அனுப்புன கொட்டேஷன் போயிருச்சுங்க. மத்தியானம் அதே ஆளுக்கு அனுப்புனது திரும்பி வந்துருச்சு. நான் ஏதாச்சும் தப்பா அடிச்சுட்டேனா?" அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனால் மெயில் போகாவிட்டால் அனுப்பியவர்தான் முதலில் தன்னைச் சந்தேகிக்கிறார். அந்தக் கேள்வி இன்றும் என் மனதில் இருக்கிறது.

நான் அப்போது செய்தது தவறான வேலை. லாகைத் திறக்காமல், டொமைனின் ரெக்கார்டுகளை வைக்கும் டிஎன்எஸ் பக்கத்தைத் திறந்தேன். டிகிம் சாவியைப் புதிதாக உருவாக்கினேன். பழைய எஸ்பிஎஃப் ரெக்கார்டு இருக்கும்போதே இன்னொன்றைச் சேர்த்துவிட்டேன். ஒரு டொமைனுக்கு இரண்டு எஸ்பிஎஃப் ரெக்கார்டு இருந்தால் அந்தச் சோதனை 'பெர்ம்எரர்' என்று தோற்றுவிடும். ஒரு கோளாறு இரண்டாகிவிட்டது.

மூன்றாம் நாள் காலையில்தான் லாகை முழுதாகப் படித்தேன். போஸ்ட்ஃபிக்ஸ் ஒவ்வொரு டெலிவரிக்கும் ஒரு வரி எழுதும். யாருக்கு என்பது 'டு'வில் இருக்கும், எந்த சர்வரிடம் கொடுக்கப் போனது என்பது 'ரிலே'யில் இருக்கும். பிறகு 'டிலேஸ்' (பிடித்த நேரம்), 'டிஎஸ்என்' (முடிவைக் குறிக்கும் எண்), 'ஸ்டேட்டஸ்' (போனதா, திரும்பியதா). கடைசியில் அடைப்புக்குறிக்குள் எதிர்முனை சர்வர் சொன்ன காரணம் அப்படியே இருக்கும். காலையில் போன மெயிலின் வரியையும் மதியம் திரும்பியதன் வரியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். வித்தியாசம் 'ரிலே'யில் இருந்தது. காலை மெயிலில் நான்கு எண்களுக்கு நடுவே புள்ளி வைத்த வழக்கமான முகவரி. மதிய மெயிலில் முக்காற்புள்ளிகளாக நிறைந்த நீண்ட முகவரி, அதாவது ஐபிவி6. டிஎஸ்என் 5.7.25. அடைப்புக்குறிக்குள், இந்த ஐபி முகவரிக்கு பிடிஆர் ரெக்கார்டு (ஐபியைத் தேடினால் அதன் பெயரைச் சொல்லும் பதிவு) இல்லை என்று எதிர்முனை தெளிவாகச் சொல்லியிருந்தது. இரண்டு நாளாக அந்தப் பதில் அங்கேயேதான் இருந்திருக்கிறது.

நடந்தது இதுதான். பழைய சர்வரில் ஐபிவி4 மட்டும் இருந்தது. புதியதில் ஐபிவி6 தானாகவே வந்துவிட்டது. எதிர்முனைக்கு இரண்டு வகை முகவரியும் இருந்தால், எதை முதலில் முயல்வது என்பதில் போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக எந்தப் பக்கமும் சாயாது. ஒருமுறை இது, ஒருமுறை அது. ஐபிவி4க்கு பிடிஆர் வைத்திருந்தேன், ஐபிவி6க்கு வைக்கவில்லை. எஸ்பிஎஃப்பிலும் ஐபிவி4 முகவரியை மட்டும்தான் எழுதியிருந்தேன். அதனால் நாணயத்தைச் சுண்டியதுபோல ஒரு மெயில் போனது, அடுத்தது திரும்பியது. உங்களுக்கும் ஒரே ஆளிடம் இப்படி மாறி மாறி நடக்கிறது என்பதால் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

பிடிஆர் பற்றி ஒரு விஷயம், பலரும் இங்கே இடறுகிறார்கள். அதை உங்கள் டொமைனின் டிஎன்எஸ் பக்கத்தில் வைக்க முடியாது. ஐபி யாருடையதோ அவர்களிடம்தான், அதாவது விபிஎஸ் கம்பெனியின் பேனலில்தான், வைக்க வேண்டும். ஐபியைத் தேடினால் வரும் பெயரும், அந்தப் பெயரைத் தேடினால் வரும் ஐபியும் பொருந்த வேண்டும். உங்கள் சர்வர் இணைப்பின் தொடக்கத்தில் 'ஹெலோ' சொல்லும்போது தருகிற பெயரும் அதுவாகவே இருந்துவிட்டால் நல்லது. ஜிமெயில் 2024 பிப்ரவரியிலிருந்து அனுப்புகிற எல்லோரிடமும் சரியான பிடிஆரும், எஸ்பிஎஃப் அல்லது டிகிமும் கேட்கிறது. ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புபவர்கள் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டோடு டிமார்க்கும் (அவை தோற்றால் மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் ரெக்கார்டு) வைத்திருக்க வேண்டும்.

அன்றைக்கே மெயில் போயாக வேண்டும் என்பதால் 'ஐநெட் புரோட்டோகால்ஸ்' அமைப்பை ஐபிவி4 மட்டும் என்று மாற்றினேன். இதற்கு ரீலோடு போதாது, போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்தி மறுபடி கிளப்ப வேண்டும். பிடிஆரையும் எஸ்பிஎஃப்பையும் பிறகு நிதானமாகச் சரிசெய்து ஐபிவி6ஐத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

உங்கள் லாகில் வேறு ஏதாவது தெரிந்தால், எண்ணின் முதல் இலக்கத்தைப் பாருங்கள். 1982ல் ஜான் போஸ்டல் எழுதிய, மெயில் அனுப்பும் விதிகளைச் சொல்லும் ஆர்எஃப்சி 821 ஆவணத்தின் காலத்திலிருந்தே இந்தக் கணக்கு மாறவில்லை: 2 என்றால் வாங்கிக்கொண்டார்கள், 4 என்றால் பிறகு வா, 5 என்றால் வராதே. 450, 451 என்று வந்து கொஞ்ச நேரத்தில் அதே மெயில் போய்விட்டால் அது கிரேலிஸ்டிங். முன்பின் தெரியாத சர்வரை முதல் தடவை வேண்டுமென்றே காக்க வைக்கிறார்கள். ஒன்றும் செய்ய வேண்டாம். எண்ணே இல்லாமல் 'கனெக்‌ஷன் டைம்டு அவுட்' என்று எல்லா முகவரிக்கும் வந்தால், உங்கள் விபிஎஸ் கம்பெனி சர்வரிலிருந்து சர்வருக்கு மெயில் போகும் வழியான போர்ட் 25ஐ அடைத்து வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். டிக்கெட் போட்டுத் திறக்கச் சொல்லுங்கள்; மறுத்தால் இடம் மாறுவது நல்லது. 'டிலேஸ்'ஸில் சாய்கோடு போட்ட நான்கு எண்களில் மூன்றாவது, இணைப்பு ஏற்படுத்தப் பிடித்த நேரம். டிஎன்எஸ் தேடலும் அதில் சேர்த்தி. அது பெரிதாக இருந்தால் மெயிலில் குறை தேடாதீர்கள்.

4ல் தொடங்கும் பதில்களில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் அந்த மெயிலைக் கியூவில் (காத்திருப்பு வரிசை) வைத்துக்கொண்டு இயல்பாக 5 நாள் வரை முயன்றுகொண்டே இருக்கும். அதுவரை அனுப்பியவருக்கு ஒரு வார்த்தையும் வராது. டெண்டர் கடைசி நாள் தாண்டிய பிறகு "போகவில்லை" என்று வந்து என்ன பயன்? 'டிலே வார்னிங் டைம்' என்ற அமைப்பு இயல்பில் அணைந்திருக்கும். அதை 4 மணி நேரம் என்று வையுங்கள், மெயில் தேங்கினால் அன்றைக்கே அனுப்பியவருக்குத் தகவல் போகும். இந்த ஒரு வரியை அக்காவுக்காகத்தான் முதலில் சேர்த்தேன். பதற்றத்தில் கியூவை மொத்தமாக மட்டும் அழித்துவிடாதீர்கள். அதில் இருப்பது மற்றவர்களின் கடிதங்கள்.

லாகில் 250 என்று இருந்தும் எதிராளி வரவில்லை என்கிறார் என்றால், உங்கள் சர்வர் கொடுத்துவிட்டது, அது ஸ்பாமில் கிடக்கலாம். அவரிடமே கேட்டு, மெயிலின் மூலத் தலைப்புகளில் 'அத்தென்டிகேஷன் ரிசல்ட்ஸ்' வரியை வாங்கிப் பாருங்கள். டிகிம் தோற்று, 'பாடி ஹாஷ்' பொருந்தவில்லை என்று இருந்தால், கையெழுத்துப் போட்ட பிறகு யாரோ மெயிலின் உடலை மாற்றுகிறார்கள். கம்பெனி முகவரியை அடியில் ஒட்டும் ஃபில்டர்தான் பெரும்பாலும் காரணம். சாவியே கிடைக்கவில்லை அல்லது படிக்க முடியவில்லை என்றால், 2048 பிட் சாவி ஒரே துண்டில் அடங்காது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். டெக்ஸ்ட் ரெக்கார்டில் ஒரு துண்டுக்கு 255 எழுத்துதான். ஒட்டும்போது வால் அறுந்திருக்கலாம்.

கியூவில் திடீரென்று ஆயிரக்கணக்கில் மெயில் தெரிந்தால் யாருடைய பாஸ்வேர்டோ களவு போயிருக்கிறது. லாகில் 'சாஸில் யூசர்நேம்' (உள்நுழைந்து அனுப்பியவரின் கணக்குப் பெயர்) எது திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்த்து முதலில் அந்தக் கணக்கைப் பூட்டுங்கள். பிளாக்லிஸ்டிலிருந்து எடுக்கச் சொல்லி விண்ணப்பிப்பது அதற்குப் பிறகுதான். ஓட்டையை அடைக்காமல் கேட்டால் திரும்பவும் ஏற்றிவிடுவார்கள்.

இன்னொன்று, உள்ளே வரும் மெயில் எல்லாமே மறுக்கப்பட்டால் உங்கள் சர்வர் எந்த டிஎன்எஸ் ரிசால்வரைக் (டிஎன்எஸ்ஸில் தேடிப் பதில் தரும் சர்வர்) கேட்கிறது என்று பாருங்கள். 8.8.8.8 போன்ற பொது ரிசால்வர் வழியாகக் கேட்டால், ஸ்பாம் அனுப்புபவர்களின் பட்டியலை வைத்திருக்கும் ஸ்பாம்ஹவுஸ் 127.255.255.254 என்று பதில் தரும். "இந்த வழியாகக் கேட்காதே" என்பதுதான் அதற்குப் பொருள். எந்தப் பதில் வந்தாலும் ஸ்பாம் என்று எடுத்துக்கொள்ளும்படி எழுதிய பழைய கான்ஃபிக், ஊரில் இருக்கும் எல்லோரையும் வெளியே நிறுத்திவிடும். சர்வரிலேயே அன்பவுண்டு என்ற சொந்த ரிசால்வரைப் போட்டு அதைக் கேட்கச் சொல்லிவிட்டால் தீர்ந்தது.

இதையெல்லாம் பார்த்தும் பிடிபடாவிட்டால், போன மெயிலின் லாக் வரி ஒன்று, திரும்பிய மெயிலின் லாக் வரி ஒன்று, இரண்டையும் எழுதுங்கள். பெறுபவரின் முகவரியை மட்டும் மறைத்துவிடுங்கள். 'ரிலே'யையும் அடைப்புக்குறிக்குள் இருப்பதையும் வெட்டாமல் போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.