இங்கிலாந்தில் மெட்டல் டிடெக்டரில் கிடைத்த ரோமானியச் செப்புக்காசை எப்படி அடையாளம் காண்பது, எங்கே பதிவு செய்வது?

முதல் வேலை, அதைத் தேய்க்காமல் இருப்பது. வினிகர், எலுமிச்சை, டூத்பிரஷ் எதுவும் வேண்டாம். பழைய செப்புக்காசில் எழுத்து பல நேரம் அந்தப் பச்சைப் படிவில்தான் மிஞ்சியிருக்கும். அது உரிந்தால் எழுத்தும் போச்சு.

விரல்நகம் அளவு, பின்பக்கம் ஈட்டியோடு இரண்டு சிப்பாய்கள் என்கிறீர்கள். அப்படியானால் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் குடும்பத்துக் காசாகத்தான் இருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, சிப்பாய்களுக்கு நடுவே எத்தனை படைக்கொடி என்று எண்ணுங்கள். இரண்டு என்றால் கி.பி. 330–335, ஒன்றுதான் என்றால் 335–341. காலடிக் கோட்டுக்குக் கீழே டி, ஆர் (TR) என்ற எழுத்துகள் தெரிந்தால் ட்ரியர் நகரத்தில் அடித்தது. பி, எல், ஜி (PLG) என்றால் லியோன் நகரம். லண்டன் நாணயச்சாலையை அதற்குள் மூடிவிட்டார்கள்.

தலை யாருடையது என்பதுதான் தலைவலி. அப்பா கான்ஸ்டன்டைன், பிள்ளைகள் இரண்டாம் கான்ஸ்டன்டைன், இரண்டாம் கான்ஸ்டன்டியஸ், கான்ஸ்டன்ஸ். பெயரின் பின்பாதி தேய்ந்திருந்தால் பல நேரம் பிரித்துச் சொல்ல முடியாது. பரவாயில்லை, 'கான்ஸ்டன்டைன் வம்சம்' என்றே பதிவார்கள்.

என்னைக் கேட்டால், ராஜா யார் என்பதைவிட எந்த இடத்தில் கிடைத்தது என்பதுதான் முக்கியம். இந்த வகைக் காசு ஆயிரக்கணக்கில் உண்டு, விலையும் பெரிதாகப் போகாது. ஆனால் ஒரு வயலில் எந்தக் காலத்துக் காசு எவ்வளவு என்று சேர்த்துப் பார்த்துத்தான் அங்கே எப்போது ஆள் நடமாட்டம் இருந்தது என்று கணிக்கிறார்கள். அதனால் வரைபடத்தில் இடத்தைக் காட்டும் கிரிட் எண்ணைத் தோண்டிய இடத்திலேயே குறித்து, காசு போட்ட கவர் மேல் எழுதிவிடுங்கள். எட்டு இலக்கம் இருந்தால் பத்து மீட்டருக்குள் வந்துவிடும்.

அப்புறம் உங்கள் பகுதிக்கான கண்டெடுப்புத் தொடர்பு அதிகாரியிடம் கொண்டுபோங்கள். பொதுமக்கள் கண்டெடுக்கும் பழம்பொருள்களைப் பதிவு செய்ய பிரிட்டிஷ் மியூசியம் நடத்தும் போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் திட்டத்தின் ஆள் அவர். எடை, விட்டம் அளந்து, படமெடுத்துத் தரவுத்தளத்தில் ஏற்றிவிட்டுக் காசைத் திருப்பித் தருவார். சரியான இடத்தைப் பொதுமக்களுக்குக் காட்ட மாட்டார்கள், பயப்பட வேண்டாம்.

ஒற்றைக் காசு என்பதால் இதெல்லாம் உங்கள் விருப்பம்தான். அதே இடத்தில் இதுபோல் பத்துச் செப்புக்காசு சேர்ந்து கிடைத்தால் 1996 புதையல் சட்டம் வந்துவிடும். 14 நாளுக்குள் கரோனருக்கு, அதாவது புதையலை விசாரிக்கும் அந்தப் பகுதி அதிகாரிக்கு, தெரிவிக்க வேண்டும். பானை விளிம்பு தெரிந்தால் தோண்டுவதை நிறுத்துங்கள். 2010-இல் இங்கிலாந்தின் ஃப்ரோம் ஊர் அருகே டேவ் கிரிஸ்ப் என்ற டிடெக்டர்காரர் அப்படித்தான் நிறுத்தினார். தொல்லியலாளர்கள் அடுக்கடுக்காக எடுத்ததில் 52,503 காசுகள். கடைசிக் காலத்துக் காசுகள் பெரும்பாலும் பானையின் பாதிக்குக் கீழே கிடந்தன. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த உண்டியலாக இருந்தால் அவை மேலேதான் இருந்திருக்கும்; அப்படி அல்ல என்பது அதில்தான் தெரிந்தது.

இது இங்கிலாந்து நடைமுறை. லீவில் ஊருக்கு வரும்போது ரோமானியக் காசு தேடி டிடெக்டரோடு கரூர் ஆற்றுமணலில் இறங்கிவிடாதீர்கள். இந்தியாவில் 1878 புதையல் சட்டப்படி கலெக்டரிடம் போய் நிற்க வேண்டியிருக்கும்.