மடையை யார் அடைப்பது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

மன்னார்குடியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். தரவு ஓடையாக வரவர அதற்கேற்ப இயங்கும் ரியாக்டிவ் புரோகிராமிங் படிக்கிறேன். அதற்கான ஜாவா கருவியான ஸ்பிரிங் வெப்ஃப்ளக்ஸில் மேப், ஃப்ளாட்மேப், ஜிப், ரீட்ரை என்ற ஆபரேட்டர்கள் வரை வந்துவிட்டேன். ரியாக்டிவ் மேனிஃபெஸ்டோ என்ற கொள்கை அறிக்கை சொல்லும் நான்கு குணங்களும் மனப்பாடம். ஆனால் ஜாவா 21இல் விர்ச்சுவல் த்ரெட் (ஆயிரக்கணக்கில் மலிவாக உருவாக்கக்கூடிய த்ரெட்) வந்தபிறகு இதெல்லாம் எதற்கு என்கிறார் டீம் லீட். தொடரட்டுமா, விட்டுவிடட்டுமா?

ச.

அன்புள்ள ச.,

டீம் லீட் சொல்வதில் பாதி சரி. நிரலை ஓட்டும் த்ரெட் பதிலுக்காகச் சும்மா காத்துக்கிடக்கிறதே என்பது மட்டும்தான் கவலை என்றால் விர்ச்சுவல் த்ரெட் போதும். மேனிஃபெஸ்டோ இருக்கட்டும். இத்தனை ஆபரேட்டர்களை அடுக்கியவர் பேக்பிரஷர் என்று ஒரு வார்த்தை எழுதவில்லையே தம்பி! தாங்குகிற அளவுக்கு மட்டும் அனுப்பு என்று வாங்குகிறவர் அனுப்புகிறவரிடம் சொல்வதுதான் அது. காவிரித் தண்ணீர் குடிக்கிறவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா?

எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம், கடைமடை. புது ஆற்றில், அதாவது கல்லணைக் கால்வாயில், தண்ணீர் வந்துவிட்டால் அப்பா ராத்திரியில் டார்ச்சும் மண்வெட்டியுமாகக் கிளம்பிவிடுவார். நாற்றங்காலில் தண்ணீர் கூடினால் முளை அழுகிவிடும். விரலை விட்டு ஆழம் பார்ப்பார், ரெண்டு வெட்டு மண்ணை அள்ளி மடையில் போடுவார். மேட்டூரில் எத்தனை அடி என்பதெல்லாம் அப்புறம்தான்.

2015இல் வந்த ரியாக்டிவ் ஸ்ட்ரீம்ஸ் என்ற பொது வரையறையின் விதியும் இதுதான். வாங்குகிற சப்ஸ்கிரைபர் ரெக்வெஸ்டில் எத்தனை கேட்கிறதோ, அதற்கு மேல் அனுப்புகிற பப்ளிஷர் ஒன்றுகூட அனுப்பக்கூடாது. ஆனால் மடையை அடைத்தால் வருகிற தண்ணீர் எங்கே போகும்? வெள்ளக் காலத்தில் முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திருப்பிவிடுகிறார்கள், கடலுக்குப் போகிறது. வயிறெரிந்தாலும் அது யோசித்து எடுத்த முடிவு. நம் ஆட்கள் அந்த முடிவை எடுப்பதேயில்லை. வரம்பில்லாத பஃபர் (வந்ததைச் சேர்த்துவைக்கும் இடம்) ஒன்றை வைத்துவிட்டு, ஒரு மெசேஜ்கூடத் தொலையாது என்று மார்தட்டுவார்கள். நான் பார்த்த ஒரு நிறுவனத்தில் அப்படித்தான் ஆர்டர்களை மெமரியில் குவித்தார்கள். பண்டிகை நாளில் மெமரி நிரம்பி சர்வர் விழுந்தது, குவித்ததெல்லாம் அதோடு போச்சு. விர்ச்சுவல் த்ரெட் இருந்தாலும் இதே கதிதான். பஃபருக்கு வரம்பு வைப்பதா, மிஞ்சியதைக் கைவிடுவதா, கடைசியாக வந்ததை மட்டும் வைத்துக்கொள்வதா என்று ஒருவர் முடிவு செய்தே ஆக வேண்டும்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். குறித்த இடைவெளியில் எண் அனுப்பும் ஃப்ளக்ஸ் இண்டர்வெல்லில் மில்லிசெகண்டுக்கு ஓர் எண் விடுங்கள். வேலையை வேறு த்ரெட்டுக்கு மாற்றும் பப்ளிஷ்ஆனுக்குக் கீழே ஒவ்வொன்றுக்கும் 100 மில்லிசெகண்டு தூங்க வையுங்கள். பப்ளிஷ்ஆன் முதலில் கேட்டு வாங்கிவைத்த 256 எண்ணை முடித்ததும் ஓவர்ஃப்ளோ என்று செத்து விழும். அப்புறம் நடுவில், கேட்டதற்கு மேல் வருவதைக் கைவிடும் ஆன்பேக்பிரஷர்டிராப் போட்டு ஓட்டி, எந்தெந்த எண் காணோம் என்று பார்த்துவிட்டு டீம் லீடிடம் பேசப் போங்கள்.