பாயிண்ட் கேப் நிற்கவில்லை என்றால் கிராங்க்கைப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் இருப்பது 1960களின் வெஸ்பா 150 வி.பி.பி. குளிர்ந்திருக்கும்போது ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிறது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடியதும் திணறி நின்றுவிடுகிறது. ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது. பாயிண்ட், கண்டன்சர், பிளக் மூன்றும் புதிது. ஆனாலும் பாயிண்ட் கேப் அடிக்கடி மாறுகிறது. எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுவிடலாமா?

பதில்: எலெக்ட்ரானிக் இக்னிஷன் கிட்டை இப்போதைக்கு வாங்காதீர்கள். சூடானதும் நிற்பது ஒரு கோளாறு, கேப் (பாயிண்டின் இரு முனைகளும் திறக்கும்போது உண்டாகும் இடைவெளி) மாறுவது இன்னொன்று. இரண்டாவதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அது கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) கோளாறாக இருந்தால் எந்த இக்னிஷன் போட்டாலும் பணம் வீண்.

வெஸ்பாவிலும் சரி, லாம்ப்ரெட்டாவிலும் சரி, பாயிண்டைத் திறக்கும் மேடான கேம், மேக்னெட்டின் (காந்தங்கள் பதித்த சுழல் சக்கரம்) நடுப்பகுதியிலேயே இருக்கிறது. மேக்னெட் நேராகக் கிராங்க்கின் முனையில் உட்கார்ந்திருக்கிறது. கிராங்க்கைத் தாங்கும் அந்தப் பக்கத்து மெயின் பேரிங் தேய்ந்தால் கிராங்க் முனை ஆடும், கேமும் கூடவே ஆடும். கேப்பே 0.3 முதல் 0.5 மி.மீ. தான். அதில் 0.1 மி.மீ. ஆட்டம் வந்தால் டைமிங் ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு மாதிரி விழும்.

சோதிப்பது எளிது. பிளக்கைக் கழற்றுங்கள். மேக்னெட் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே திருப்பி, பாயிண்ட் முழுதாகத் திறக்கும் இடத்தில் நிறுத்துங்கள். 0.40 ஃபீலர் தகடு லேசாக உரசிக்கொண்டு போகும்படி கேப்பை வையுங்கள். இப்போது மேக்னெட்டைக் கையால் பாயிண்ட் இருக்கும் பக்கம் தள்ளி ஒரு முறையும், எதிர்ப்பக்கம் இழுத்து ஒரு முறையும் அதே தகட்டைச் செருகிப் பாருங்கள். இரண்டு முறையும் ஒரே மாதிரி உரசினால் பேரிங் நன்றாக இருக்கிறது. ஒரு பக்கம் இறுகி, மறுபக்கம் தகடு தொளதொளவென்று போனால் இன்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான். மேக்னெட்டைக் கழற்றினால் இன்னொரு சாட்சியும் கிடைக்கும்: மேக்னெட்டுக்குள் அசையாமல் நிற்கும் ஸ்டேட்டர் காயில்களின் இரும்பு முகத்தில் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால், ஓடும்போது மேக்னெட் அங்கே உரசியிருக்கிறது.

பேரிங்கில் ஆட்டம் இல்லாமலும் கேப் மாறலாம். அப்போது கேப் கூடுகிறதா, குறைகிறதா என்று கவனியுங்கள். கேமைத் தொடும், எண்ணெய் ஊறிய ஃபெல்ட் துணுக்கு காய்ந்து போனால், கேமில் உரசும் பாயிண்டின் ஃபைபர் தேய்ந்து கேப் குறைந்துகொண்டே வரும், ஒருபோதும் அதிகமாகாது. சில சொட்டு எண்ணெயோ கொஞ்சம் கிரீஸோ போதும். ஒரு நாள் கூடி, மறுநாள் குறைந்தால் பேரிங் மேல்தான் சந்தேகம்.

மேக்னெட் கழன்றிருக்கும்போதே டேப்பரையும் (கிராங்க் முனையின் கூம்புப் பகுதி) கீயையும் (அதில் செருகிய சிறு இரும்புத் துண்டு) பாருங்கள். கீ இடத்தைக் காட்டுவதற்கு மட்டும்தான். மேக்னெட்டைப் பிடித்து வைப்பது டேப்பரின் இறுக்கம். நட் தளர்ந்தால் கீ வெட்டுப்பட்டு டைமிங் நகரும், கிக்கர் திருப்பி உதைக்கும். கீறல் இருந்தால் மெல்லிய வால்வு கிரைண்டிங் பேஸ்ட் தடவி மேக்னெட்டை டேப்பரில் கையால் தேய்த்து, சுத்தமாகத் துடைத்து, எண்ணெய் படாமல் பூட்டுங்கள். வெஸ்பா பி.எக்ஸ். வகைகளுக்கு நட்டின் டார்க் (இறுக்கும் முறுக்குவிசை) 60 முதல் 65 நியூட்டன் மீட்டர்; உங்கள் மாடலின் அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேக்னெட்டைக் கழற்றச் சுத்தியல் வேண்டவே வேண்டாம், புல்லர்தான். கிராங்க் ஒரே துண்டு அல்ல, பின்னை அழுத்திச் சேர்த்த இரண்டு பாதிகள். முனையில் ஓங்கி ஓர் அடி விழுந்தால் பாதிகள் முறுக்கிக்கொள்ளும். லேத்தில் டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் இரண்டு முனையிலும் 0.03 மி.மீ.க்கு மேல் ஆடக்கூடாது. உங்கள் வண்டியில் இது இன்னும் முக்கியம். கிராங்க்கின் வட்டத் தட்டே பெட்ரோல்-காற்றுக் கலவையை உள்ளே விடும் வால்வு. அது கோணினால் இன்ஜின் கேஸில் உள்ள வழவழப்பான முகத்தைச் சுரண்டிவிடும். பிறகு கார்புரேட்டரை எவ்வளவு திருகினாலும் ஐட்லிங் நிற்காது.

இனி சூட்டில் நிற்பது. நின்ற உடனே, ஆறுவதற்குள், பிளக்கைக் கழற்றி இன்ஜினில் தொடவைத்து உதையுங்கள். ஸ்பார்க் நன்றாக இருந்தால் டேங்க் மூடியின் காற்றுத்துளை, பெட்ரோல் வரத்து, ஆயில் சீல் ஆகியவற்றைப் பாருங்கள். மேக்னெட் பக்கத்து சீல் கசிந்தால் கலவை மெலிந்து இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும். கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயில் குறைந்து வெள்ளைப் புகை வரும். ஸ்பார்க் இல்லையென்றால் ஸ்டாப் சுவிட்ச் ஒயரை முதலில் கழற்றிவிட்டு உதையுங்கள். அப்படியும் இல்லையென்றால் ஸ்டேட்டர் ஒயர்களின் ரப்பர் உறை பொடிந்து இன்ஜினில் தொடுகிறதா பாருங்கள். பாயிண்டில் பெரிய வெளிச்சமாகப் பொறி பறந்தால் கண்டன்சர் சரியில்லை, புதிது என்பதற்காக நம்பிவிடாதீர்கள். மேக்னெட்டுக்குள் வேகாமல், நல்ல எர்த்தோடு வெளியே, காயில் பக்கத்தில் ஒன்றைப் பொருத்தலாம். நல்ல பலன் தரும் மாற்றம் இது.

இன்ஜினைப் பிரித்தால் இரண்டு மெயின் பேரிங்கையும் எல்லா சீல்களையும் ஒன்றாக மாற்றுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு வைட்டான் (ஒரு வகைச் செயற்கை ரப்பர்) சீல் தாங்கும். கனெக்டிங் ராடை மேலும் கீழும் இழுத்துப் பார்த்து ஆட்டம் சிறிதும் இல்லையென்றால் பிக் எண்டைத் (ராடின் கீழ்முனை பேரிங்) தொட வேண்டாம். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருக்கத்தான் வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகு எலெக்ட்ரானிக் கிட் தாராளமாகப் போடுங்கள். வாங்குமுன் அதன் மேக்னெட் உங்கள் கிராங்க்கின் டேப்பருக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் அளந்துகொள்ளுங்கள்.