வாயைத் திறந்தே வைத்திருக்கும் பையன்

கேள்வி: என் 9 வயது மகன் எப்போது பார்த்தாலும் வாயைத் திறந்து, தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தபடியே இருக்கிறான். முகம் நீளமாகி, கீழ்த்தாடை உள்வாங்கிக்கொண்டே போகிற மாதிரி இருக்கிறது. "தலையை நேரா வை, வாயை மூடு" என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. தலை வைக்கும் விதத்தால் முகம் மாறுமா?

பதில்: மாறலாம். ஆனால் முதலில் அவனைத் திட்டுவதை நிறுத்துங்கள், அவன் வேண்டுமென்று செய்யவில்லை. மூக்கு அடைத்திருந்தால் உடம்பு தானாகவே தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து காற்றுக்கு வழி பண்ணிக்கொள்ளும். வளரும் வயதில் வருடக்கணக்கில் இப்படியே இருந்தால், முகத்திலும் கழுத்தின் முன்பக்கத்திலும் உள்ள தோலும் தசையும் இழுபட்டு, தாடையை முன்னால் வளரவிடாமல் பின்னுக்கும் கீழுக்குமாகப் பிடித்து வைக்கின்றன என்று டென்மார்க்கின் ஆய்வாளர்களான சோலோவும் கிரைபோர்க்கும் 1977-ல் விளக்கினார்கள். இது இன்னும் கருதுகோள்தான், பெற்றோரின் முகவாகு பிள்ளைக்கு வருவதும் உண்டு.

தோல் இழுத்தால் எலும்பு அசையுமா என்றுதானே கேட்கிறீர்கள்? வளரும் எலும்பு மெல்லிய அழுத்தத்துக்கும் வளைந்து கொடுக்கும். முதுகு வளைவுக்காக மில்வாக்கி பிரேஸ் என்று ஒன்று மாட்டுவார்கள், பழைய வடிவத்தில் அது மோவாய்க்கு அடியில் முட்டுக் கொடுத்து நிற்கும். மாட்டிய பிள்ளைகளுக்கு முகத்தின் கீழ்ப்பாதி குட்டையாகிப் பல்லெல்லாம் துருத்த ஆரம்பித்ததால், கடைசியில் மோவாய்க்கு அடியில் இருந்த அந்தத் தாங்கலையே எடுத்துவிட்டார்கள்.

அதனால் தலையை விட்டுவிட்டு மூக்கைப் பாருங்கள். தூக்கத்தில் குறட்டை விடுகிறானா? மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை பெருத்திருக்கலாம், தீராத அலர்ஜியாகவும் இருக்கலாம். ஸ்வீடனில் லிண்டர் ஆரன்சன் என்ற பல் சீரமைப்பு நிபுணர், அடினாய்டை எடுத்தபின் மூக்கால் மூச்சுவிடத் தொடங்கிய பிள்ளைகளைப் பல வருடம் கவனித்ததில், அவர்களுடைய தாடை வளர்ச்சி முன்பக்கமாகத் திரும்பியதைக் கண்டார். முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர், அப்புறம் பல் சீரமைப்பு மருத்துவர். 9 வயதில் வளர்ச்சி நிறையவே பாக்கி இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: எனக்கு 27 வயது. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, தலையை நிமிர்த்தி வைத்தால் தாடை எடுப்பாக வரும் என்று வீடியோக்களில் காட்டுகிறார்களே?

பதில்: வராது. உங்கள் தாடை வளர்ந்து முடிந்து பல வருடம் ஆகிவிட்டது. நிமிர்ந்து உட்காருங்கள், கழுத்துக்கு நல்லது. அந்த 'முன், பின்' படங்களை மட்டும் இன்னொரு முறை பாருங்கள்: பெரும்பாலும் முதல் படத்தில் மோவாய் கீழே இருக்கும், அடுத்ததில் கொஞ்சம் தூக்கியிருக்கும், வெளிச்சமும் மாறியிருக்கும்.