90 சதவீதம் சரினு மாடல் சொல்லுது, நம்பலாமா?

கேள்வி: 120 இடத்துல கிராப் (வாயால கவ்வி மண்ணை அள்ளுற இரும்புக் கருவி) இறக்கி கடலடி மண்ணை அள்ளி, அதுல இருந்த புழு, சிப்பி, நண்டு வகை எல்லாத்தையும் எண்ணி, ஒண்ணு போல உயிர்கள் இருக்குற இடங்களை சேர்த்து அஞ்சு கூட்டமா கிளஸ்டர் பண்ணி வச்சிருக்கேன். ஆழம், வெப்பநிலை, மண் வகை குடுத்து ரேண்டம் ஃபாரஸ்ட்ங்கிற கணிப்பு மாடலை ஓட்டினா, எந்த இடம் எந்த கூட்டம்னு 90% சரியா வருது. அள்ளாத இடத்துக்கும் இதை வச்சு மேப் போடலாமா?

பதில்: மேப் போடலாம், ஆனா அந்த 90-ஐ இப்போதைக்கு நம்பாதீங்க. டேட்டாவை குலுக்கிப் போட்டு 70-க்கு 30னு பிரிச்சு, 70-ஐ வச்சு கத்துக்குடுத்து 30-ல சோதிச்சிருப்பீங்கனு நினைக்கிறேன், எல்லாரும் அதைத்தான் பண்றாங்க. கடலடியில பக்கத்து பக்கத்து இடம் பெரும்பாலும் ஒண்ணு போலவே இருக்கும், ஒரே சேத்துத் திட்டுல அள்ளின நாலு சாம்பிள்ல மூணை காட்டிட்டு நாலாவதை சொல்லுன்னா மாடல் சொல்லத்தான் செய்யும், கேள்வித்தாளை முன்னாடியே குடுத்துட்டு பரீட்சை வச்ச கதைதான் இது. அதனால மேப்பை கட்டம் கட்டமா வெட்டி, ஒரு கட்டத்தை முழுசா மறைச்சு, மத்த கட்டங்களை வச்சு அதை கணிக்க விடுங்க. எவ்ளோ தூரம் வரைக்கும் சாம்பிள்கள் ஒண்ணு போல இருக்குனு வேரியோகிராம் (தூரம் கூடக் கூட சாம்பிள்களுக்குள்ள வித்தியாசம் எப்படி கூடுதுனு காட்டுற கிராஃப்) போட்டா தெரியும், கட்டம் அதை விட பெருசா இருக்கணும். மார்க் குறையும், குறையட்டும். இன்னொண்ணு, 120-ல 80 ஒரே கூட்டமா இருந்தா, கண்ணை மூடிட்டு எல்லாத்துக்கும் அந்தப் பேரையே சொன்னாலே 67% வந்துரும், அதனால ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனியா எவ்ளோ சரினு பாருங்க.

வெப்பநிலைனு சொன்னீங்களே, அது சாட்டிலைட் எடுத்த மேல்மட்ட வெப்பநிலையா? புழு இருக்குறது அடியில, அடித்தண்ணியோட வெப்பநிலை, உப்பு, ஆக்சிஜன் தான் அதுக்கு கணக்கு.

நான் உங்க இடத்துல இருந்தா முதல்ல சேர்க்குறது நீரோட்டமும் அலையும் தரையை உரசுற வேகத்தைத்தான். உரசல் பலமா இருந்தா 63 மைக்ரானுக்கு (0.063 மி.மீ.) கீழ இருக்குற பொடி சேறு தங்காது, மணலும் சரளையும் தான் மிஞ்சும், அங்க தண்ணில மிதந்து வர்றதை வடிகட்டி சாப்பிடுற ஜீவன் நல்லா பிழைக்கும். ஓட்டம் அடங்கின இடத்துல சேறும் மக்கினதும் படியும், அதை தின்னுற புழுக்கள் வரும், ஆனா மக்கினது அளவுக்கு மீறினா ஆக்சிஜன் தீந்து ஏதோ நாலஞ்சு வகை மட்டும்தான் தாக்குப்பிடிக்கும். ஆழம்னு நாம போடுறது பாதி நேரம் இதுக்கெல்லாம் ஒரு பினாமி தான், அதனாலதான் ஒரு இடத்துல கத்துக்கிட்ட மாடல் வேற கடல்ல சொதப்புது.

கூட்டமா பிரிச்சுட்டு அப்புறம் கணிக்கிறது 120 சாம்பிளுக்கு சரியான வழிதான், ஒவ்வொரு இனத்துக்கும் தனி மாடல்னா அபூர்வமான இனங்களுக்கு டேட்டாவே பத்தாது.

கடைசியா ஒண்ணு கேக்குறேன், கிராப் வாய்ல கல்லு மாட்டி காலியா மேல வந்த இடங்களை லிஸ்ட்ல இருந்து தூக்கிட்டீங்களா? தூக்கியிருந்தா பாறைனு ஒண்ணு இருக்குறதே மாடலுக்கு தெரியாது, பாறை மேலயும் சேத்துப் புழு கலரை அடிச்சு வச்சிரும். அந்த இடத்துல கேமரா இறக்கிப் பாருங்க, முடியலனா மேப்ல அதை 'தெரியாது'னு சாம்பல் கலரா விட்டுருங்க. நீங்க அள்ளினதுல அதிக ஆழம் 60 மீட்டர்னா, 90 மீட்டர்ல இருக்குற பகுதிக்கும் அதே சாம்பல்தான்.