பெண்கள் பிரதமரே ஆகிவிட்டார்கள். இன்னும் 'ஆணாதிக்கச் சமூகம்' என்பது சரியா?

சரிதான் என்பேன். ஆணாதிக்கம் என்றால் எல்லா ஆண்களும் கெட்டவர்கள் என்று பொருளில்லை. பாதி விவாதம் இங்கேதான் தடம்புரள்கிறது. யார் பேச்சு எடுபடுகிறது என்பதே கேள்வி. கதவைத் திறந்து நிற்கும் பெண்ணிடமே "வீட்டில் யாரும் இல்லையா?" என்று கேட்கிறார்கள் பாருங்கள், அதுதான். கேட்பவர் பெண்ணாகவும் இருக்கலாம்.

சட்டமும் நேற்றுவரை அப்படித்தான். நியூசிலாந்தில் 1893-லேயே பெண்கள் வாக்களித்தார்கள். சுவிட்சர்லாந்தில் தேசிய அளவில் அந்த உரிமை வந்தது 1971-ல். பிரான்ஸில் மணமான பெண் கணவரின் அனுமதியில்லாமல் வங்கிக் கணக்கு தொடங்க 1965-ல்தான் சட்டம் வழிவிட்டது. அதைப் பார்த்த பாட்டிகள் இன்றும் இருக்கிறார்கள்.

'ஆண் அழக்கூடாது, சம்பாதித்தே தீரணும்' என்பதும் இதே ஏற்பாட்டின் மறுபக்கம். ஆண்களின் கஷ்டத்தைக் காட்டிப் பெண்ணியத்தை மறுப்பது எனக்கு விசித்திரமாகவே படுகிறது.