யூதப் பள்ளியில் பெற்றோருக்கு என்ன விதி? கேள்வி பதில்

வடமேற்கு லண்டனில், அரசு நிதியில் நடக்கும், மரபைக் கடைப்பிடிக்கும் ஓர் ஆர்த்தடாக்ஸ் யூத ஆரம்பப் பள்ளியில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். ஊர் மதுரை, வீட்டில் முருகன் படம். ஹீப்ரூ மொழியும் யூத வேதமான தோராவும் சொல்லித்தர அவர்களுடைய ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கணக்கும் அறிவியலும் என் பாடு. புதிதாகச் சேரும் குடும்பங்களுக்குப் பள்ளி ஒரு விதிப் புத்தகம் கொடுக்கும் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அவ்வளவுதான், கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

பள்ளி விதி என்றால் பிள்ளைக்குத்தானே? அப்பா அம்மாவுக்கு எதற்கு விதி? (சென்னையிலிருந்து)

எங்கள் புத்தகத்தில் பாதிக்கு மேல் வீட்டைப் பற்றித்தான் இருக்கிறது. காரணம் பழையது. பிள்ளைக்குத் தோரா சொல்லித்தருவது தகப்பன் கடமை. தகப்பன் இல்லாத பிள்ளை படிக்காமலே போய்விடும் என்பதால், யோசுவா பென் கம்லா என்ற எருசலேம் கோயில் தலைமைக் குரு ஊருக்கு ஊர் ஆசிரியர்களை வைத்து, ஆறேழு வயதில் பிள்ளைகளைச் சேர்க்க ஏற்பாடு செய்தார் என்று பழைய யூதச் சட்ட நூலான தால்முத் சொல்கிறது. ஓர் ஆசிரியருக்கு 25 பிள்ளைகள், 40 ஆனால் கூட ஓர் உதவியாளர், 50 ஆனால் இரண்டு ஆசிரியர்கள் என்று அதே இடத்தில் கணக்கும் இருக்கிறது. (என் வகுப்பில் 30 பேர். தால்முத்படி பார்த்தால் எனக்குக் கொஞ்சம் அநியாயம்தான்.)

ஆக, பள்ளி தகப்பனுக்குப் பதிலாள். கடமை இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. அதனால்தான் வகுப்பில் சொன்னதற்கு எதிராக வீட்டில் நடக்கக்கூடாது என்று பள்ளி கேட்கிறது. நடைமுறையில் இதன் பொருள் ரொம்ப எளிது: வகுப்பில் உள்ள எந்தப் பிள்ளையும் வேறு எந்தப் பிள்ளையின் வீட்டிலும் தயங்காமல் சாப்பிட முடியவேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தைப் படித்தால் முக்கால்வாசி விதி தானாகப் புரிந்துவிடும்.

அக்கா, என்ர மகளோட நீச்சல் வகுப்புக்கு வாற யூதப் பிள்ளையைப் பிறந்தநாளுக்குக் கூப்பிட விருப்பம். அவையின்ர பள்ளிக்கூடத்திலை ஏதோ கட்டுப்பாடு இருக்காம். கேக் குடுக்கலாமோ? (ஹாரோவிலிருந்து ஒரு தாய்)

கூப்பிடுங்கள் தங்கச்சி, ஆனால் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள். வெள்ளி சூரியன் மறைவதிலிருந்து சனி இருட்டும் வரை ஷபாத் என்ற ஓய்வு நாள். அந்த நேரத்தில் வண்டி ஓட்டமாட்டார்கள், காசைத் தொடமாட்டார்கள், படம்கூட எடுக்கமாட்டார்கள். வகுப்புப் பிள்ளைகளை அழைக்கும் எந்த விருந்தும் ஷபாத்தில் கூடாது, சாப்பாடு கோஷராக, அதாவது யூத உணவு விதிப்படி இருக்கவேண்டும் என்பதுதான் அந்தக் கட்டுப்பாடு. வீட்டில் அவ்வளவு கண்டிப்பாக இல்லாத குடும்பங்களுக்கும் இது உண்டு.

கேக்கை வீட்டில் செய்யாதீர்கள். கோல்டர்ஸ் கிரீனில் கோஷர் முத்திரை உள்ள பேக்கரிகள் இருக்கின்றன. அங்கே வாங்கி, பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்து, அந்தப் பிள்ளையின் அம்மா முன்னால் திறவுங்கள். காகிதத் தட்டு, பிளாஸ்டிக் கத்தி போதும். வெட்டாத வாழைப்பழம், ஆரஞ்சு தாராளமாக வைக்கலாம். கலர் கலரான ஜெல்லி மிட்டாயில் விலங்கிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கும், அது வேண்டாம். எல்லாம் செய்தும் அந்த அம்மா தன் பிள்ளைக்குத் தனி டப்பா கொடுத்து அனுப்பினால் மனம் நோகாதீர்கள். முன்கூட்டியே போன் பண்ணிக் கேட்டீர்கள் என்பதையே அவர்கள் மறக்கமாட்டார்கள்.

நாங்கள் சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. அப்போது எங்கள் வீட்டுச் சாப்பாடு கோஷர்தானே? (கோவை)

இல்லை. எல்லாரும் தவறுகிற இடம் இதுதான். இறைச்சி இல்லை என்றால் பாதிச் சிக்கல் குறையும், அவ்வளவுதான். சீஸை உறைய வைக்கும் ரென்னெட் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பார்கள். திராட்சை ரசம், ஒயின் வினிகர் பார்ப்பார்கள். கீரையிலும் கொத்தமல்லியிலும் பூச்சி இருக்கிறதா என்று ஒவ்வொரு இலையாகப் பார்ப்பார்கள். பாத்திரம் இதற்குமுன் எதைக் கண்டது என்பது ஒரு கேள்வி, யூதர் அல்லாதவர் சமைத்தது என்பது இன்னொரு கேள்வி. மடி ஆசாரம் பார்த்த பாட்டி வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் பழகிய மாதிரி தோன்றும். ஆனால் இங்கே யார் சமைத்தார் என்று பார்ப்பதுகூட ஆளின் தீட்டுக்காக அல்ல. சட்டம் பெரும்பாலும் பொருளையும் பாத்திரத்தையும் பற்றியது.

எங்கள் பள்ளியில் மதிய டப்பாவில் இறைச்சி கொண்டுவரக்கூடாது. பாலையும் இறைச்சியையும் சேர்த்துச் சாப்பிடக்கூடாது என்பது விதி; இரண்டும் ஒரே மேசையில் கலந்துவிடும் என்ற பயம். ஒருவர் டப்பாவிலிருந்து இன்னொருவர் எடுக்கவும் கூடாது. புளித்த உணவை விலக்கும் பெசாக் பண்டிகை நெருங்கினால் கோதுமை, பார்லி, ஓட்ஸ் புளித்துச் செய்த எதுவும் வகுப்புக்குள் வரமுடியாது. புத்தகப் பைகளைத் தலைகீழாகத் தட்டி ரொட்டித் துகள் தேடுவோம். நம் இட்லியில் கோதுமையே இல்லையே என்று கேட்பீர்கள். கிழக்கு ஐரோப்பிய வழியில் வந்த அஷ்கனாசி குடும்பங்கள் அந்த எட்டு நாளும் அரிசி, பருப்புகூடத் தொடமாட்டார்கள். ஸ்பெயின், வட ஆப்பிரிக்க வழியில் வந்த செஃபார்டி குடும்பங்களில் பலர் சாப்பிடுவார்கள். ஒரே வகுப்பில் இரண்டு தரப்பும் உண்டு.

நீதிமன்றம் வரை போன ஒரு சேர்க்கை வழக்கு பற்றிக் கேள்விப்பட்டேன். என்ன விஷயம்? (வெம்பிளி)

உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான். கென்டனில் இருக்கும் ஜேஎஃப்எஸ், 1732 வரை வேர் உள்ள யூத மேல்நிலைப் பள்ளி. ஒரு பையனுக்கு அப்பா யூதர்; அம்மா மதம் மாறி யூதரானவர், ஆனால் ஆர்த்தடாக்ஸ் வழியில் அல்ல. யூதச் சட்டப்படி பிள்ளையின் அடையாளம் தாய்வழி. தாயின் மதமாற்றத்தை ஏற்காததால் தலைமை ரபியின், அதாவது தலைமை மதகுருவின் அலுவலகம் அவனை யூதனாக ஏற்கவில்லை, பள்ளியில் இடம் கிடைக்கவில்லை. 2009 டிசம்பர் 16 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம், தாயின் பிறப்பை வைத்துத் தேர்ந்தெடுப்பது இனப் பாகுபாட்டுச் சட்டத்துக்கு எதிரானது என்று ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் பெரும்பான்மையில் சொன்னது.

அதற்குப் பிறகு பிறப்பைக் கேட்கமுடியாது, நடத்தையைத்தான் கேட்கலாம் என்றாயிற்று. ஷூல், அதாவது ஜெபக்கூடத்துக்கு எத்தனை முறை வந்தீர்கள் என்று புள்ளி போட்டு ஒரு சான்றிதழ். விண்ணப்பக் காலம் வந்தால் சனிக்கிழமை ஷூலில் தள்ளுவண்டிகள் பெருகிவிடும் என்று என் சக ஆசிரியை சிரிப்பாள். யார் என்பதைவிட என்ன செய்கிறாய் என்று கேட்பது நியாயம்தான். ஆனால் பக்திக்கு வருகைப் பதிவேடு எடுப்பது எனக்கு இன்னும் விசித்திரமாகத்தான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை சீக்கிரம் விடுவார்களாமே? (லூட்டன்)

குளிர்காலத்தில் மட்டும். டிசம்பரில் லண்டனில் ஷபாத் மாலை 3:40 வாக்கிலேயே தொடங்கிவிடும், அதனால் மதியமே பள்ளி விட்டுவிடும். வேலைக்குப் போகும் பெற்றோர் அதற்கேற்ப மேலதிகாரியிடம் பேசிவைத்திருப்பார்கள். ஜூனில் இந்தப் பிரச்சினை இல்லை.

கட்டணம் எவ்வளவு? (நியூ ஜெர்சி)

நீங்கள் இருக்கும் பக்கம்தான் வலி அதிகம். அமெரிக்காவில் யூதப் பள்ளிகள் தனியார் பள்ளிகள். நியூயார்க், நியூ ஜெர்சி வட்டாரத்தில் பல பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000 டாலருக்கு மேல். நான்கு பிள்ளை என்றால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். சலுகை கேட்டால் ஒரு குழு உட்கார்ந்து உங்கள் வருமானவரித் தாளைப் பார்க்கும். புதுக் கார், விடுமுறைப் பயணம் எல்லாம் பேச்சுக்கு வரும். பக்கத்து வீட்டுக்காரரே அந்தக் குழுவில் இருக்கலாம் என்பதுதான் கொடுமை.

இங்கிலாந்தில் எங்களைப் போன்ற பள்ளிக்கு அரசு பணம் தருகிறது, யூதக் கல்விக்கு மட்டும் தருவதில்லை. அதற்குப் பெற்றோரிடம் நன்கொடை கேட்பார்கள். அது விருப்ப நன்கொடை. கொடுக்காத வீட்டுப் பிள்ளையை ஒதுக்கச் சட்டம் இடம் தராது. நினைவூட்டும் கடிதங்கள் மட்டும் விடாமல் வரும்.

பெற்றோர் கூட்டத்துக்கு என்ன உடுத்திப் போவது? (குரோய்டன்)

பெண்கள் முழங்கை மூடிய கை, முழங்கால் மூடிய பாவாடை. சேலை, சல்வார் எல்லாம் பிரச்சினையில்லை, ரவிக்கைக் கையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பாலரிடம் நீங்களாகக் கை நீட்டாதீர்கள். பலர் குலுக்கமாட்டார்கள், அது அவமரியாதை இல்லை. நம் வணக்கம் இங்கே கைகொடுக்கும். பையன்கள் தலையில் கிப்பா என்ற சிறு தொப்பி அணிவது கட்டாயம். அதை இங்கே கப்பெல் என்பார்கள். முதல் வாரம் ஒரு பையன் அழுதபடி வந்து ‘கப்பலைத் தொலைத்துவிட்டேன் மிஸ்’ என்று சொன்னதாகத்தான் என் காதில் விழுந்தது.

வீட்டில் டிவி, இன்டர்நெட் இருக்கக்கூடாது என்று கையெழுத்து வாங்குவார்களாமே, உண்மையா? (சிங்கப்பூர்)

எங்கள் மாதிரிப் பள்ளியில் இல்லை. ஹரேதி எனப்படும் மிகக் கண்டிப்பான சமூகங்களின் பல பள்ளிகளில் உண்டு. டிவி வேண்டாம், போனில் வடிகட்டி போடு என்று பெற்றோரிடம் ஒப்புதல் வாங்குவார்கள். இஸ்ரேலில் இணையமே இல்லாத ‘கோஷர் போன்’ தனியாகக் கிடைக்கிறது. 2012 மே மாதம் நியூயார்க்கில் பேஸ்பால் மைதானத்தை வாடகைக்கு எடுத்து, இணையத்தின் ஆபத்து பற்றிச் சுமார் 40,000 ஆண்களைக் கூட்டினார்கள்.

கதவடைக்கும் ஆயுதமாகவும் விதி மாறும், அதையும் சொல்லிவிடுகிறேன். 2015இல் லண்டன் ஸ்டாம்ஃபோர்டு ஹில்லில் பெல்ஸ் என்ற ஹரேதிப் பிரிவின் பள்ளிகள், அம்மா கார் ஓட்டிவந்து விடும் பிள்ளைகளைச் சேர்க்கமாட்டோம் என்று கடிதம் அனுப்பின. கல்வி அமைச்சரே கண்டித்தார். மேற்குக் கரையில் இம்மானுவேல் என்ற இஸ்ரேலியக் குடியிருப்பில் அஷ்கனாசிப் பெண்பிள்ளைகளையும் செஃபார்டிப் பெண்பிள்ளைகளையும் பிரித்து வைத்த பள்ளி வழக்கில், தீர்ப்பை ஏற்காத பெற்றோர் 2010 ஜூனில் சிறைக்கே போனார்கள். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வழிசெய்யும் விதியையும், யாரோடு உட்காரக்கூடாது என்று சொல்லும் விதியையும் நான் ஒன்றாகப் பார்ப்பதில்லை. இதை எங்கள் ஆசிரியர் அறையில் சொன்னாலும் பாதிப் பேர் தலையாட்டுவார்கள்.

வாசலில் பெற்றோரே காவல் நிற்கிறார்களே? (ஸ்டான்மோர்)

முறைவைத்து நிற்பார்கள், அதுவும் குடும்பத்தின் கடமைப் பட்டியலில் உண்டு. யூதச் சமூகத்தின் பாதுகாப்பு அமைப்பான சிஎஸ்டி பயிற்சி கொடுக்கும். 2012 மார்ச் 19 அன்று பிரான்சில் துலூஸ் நகரப் பள்ளி வாசலில் ஓர் ஆசிரியரும் மூன்று குழந்தைகளும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். வாசலில் நின்று அரட்டை அடிக்காதீர்கள், உள்ளே போய்விடுங்கள் என்று எங்கள் புத்தகத்தில் இருக்கிறது. புதுப் பெற்றோர் யாரும் காரணம் கேட்டதில்லை.

நம் பிள்ளையைச் சேர்க்க முடியுமா? (பர்மிங்காம்)

இடம் காலியாக இருந்தால் அரசு நிதிப் பள்ளி மறுக்க முடியாது. உங்கள் ஊரிலேயே கிங் டேவிட் ஆரம்பப் பள்ளியில் பெரும்பான்மைப் பிள்ளைகள் முஸ்லிம்கள். கொல்கத்தா யூதப் பெண்கள் பள்ளியிலும் அப்படித்தான். ஹீப்ரூப் பாட்டு, கோஷர் சாப்பாடு, பண்டிகை விடுமுறை எல்லாம் மனதுக்கு ஒத்துவந்தால் விண்ணப்பியுங்கள்.

மிஸ், நீங்கள் மதியம் என்ன சாப்பிடுவீர்கள்? (பெயர் வேண்டாம் என்றவர்)

தயிர்சாதம். ஆசிரியர் அறையில் இரண்டு மைக்ரோவேவ், ஒன்று பாலுக்கு, ஒன்று இறைச்சிக்கு. என் டப்பா இரண்டிலும் போகமுடியாது. 11 வருடமாக ஆறினதுதான், நல்லவேளை அதைச் சூடாகச் சாப்பிடும் வழக்கமில்லை.